அந்தப் பதினொரு வருடம் அழிந்தா போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்து அரச குடும்பத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரீடம், கோட்டை, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் கொடுத்தவர், ராஜாவே இல்லாமல் அந்த நாடு இருந்த காலத்தை மட்டும் மூன்று வரியில் முடித்துவிட்டார். 1649இல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிவிட்டுக் குடியரசு வைத்துப் பார்த்தார்களாம், சரிப்பட்டு வரவில்லையாம், பதினொரு வருடத்தில் மக்களே அலுத்துப்போய் மகனைக் கூப்பிட்டு முடிசூட்டினார்களாம், குடியரசு சுவடில்லாமல் போனதாம். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரமே வாசகர் கடிதத்தில் இருவர், 'அங்கேயும் சரி, இங்கேயும் சரி, ராஜா காலம்தான் நல்ல காலம்' என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் கல்குளம் தாலுகாக்காரர். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. தக்கலை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே மேசை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். இப்போது மகன் எழுதுகிறான், நான் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு குணம் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொத்தைக் காட்டி 'இடையில் எந்தக் கைமாற்றமும் இல்லை' என்று யாராவது அடித்துச் சொன்னால், அங்கேதான் ஏதோ இருக்கிறது என்று மனம் சொல்லும். முன் ஆதாரத்தைக் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தின் அந்தப் பதினொரு வருடத்தையும் நான் அப்படித்தான் பார்த்தேன். கட்டுரையாளர் சொல்வது திரும்பி வந்த ராஜாவின் ஆட்கள் எழுதி வைத்த கதை. காகிதம் வேறு கதை சொல்கிறது.

முதலில், ராஜாவை எடுத்த விதம். 1649 ஜனவரி 30, லண்டன் வைட்ஹால் அரண்மனைக்கு வெளியே மேடை தயார். கடுங்குளிர். நடுங்கினால் பயந்து நடுங்குவதாக ஜனங்கள் நினைப்பார்களே என்று சார்லஸ் இரண்டு சட்டை போட்டுக்கொண்டார். இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை, அவரைச் சில மணி நேரம் காக்க வைத்தார்கள் என்பது. ஏன்? அந்த ஊர் வழக்கப்படி ராஜா கண்ணை மூடிய நொடியே மூத்த மகன் ராஜா. தலையை வெட்டினால் இன்னொரு ராஜா பிறந்துவிடுவார். அதனால் 'யாரும் யாரையும் அடுத்த ராஜா என்று அறிவிக்கக் கூடாது' என்று நாடாளுமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டது. கோடரிக்காரன் நிற்கிறான், காகிதம் தயாராகவில்லை! படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிவுக்கு ஆள் வந்து உட்கார்ந்த பிறகு ஒரு வரி விட்டுப்போனது தெரிந்தால் நாங்கள் படும் பாடு அதுதான்.

மார்ச் 17இல் அரச பதவியையே ஒழித்தார்கள். அந்தப் பதவி தேவையற்றது, பாரமானது, மக்களின் சுதந்திரத்துக்கு ஆபத்தானது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இரண்டு நாளில் பிரபுக்கள் சபையும் போனது. மே 19இல் நாடு குடியரசு என்று அறிவிப்பு. இதற்கெல்லாம் முன்பே, ஜனவரி 4ஆம் தேதி, மக்கள் சபை ஒரு தீர்மானம் போட்டிருந்தது: கடவுளுக்குக் கீழே எல்லா நியாயமான அதிகாரத்துக்கும் மூலம் மக்களே.

இந்தத் தீர்மானத்தை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இனி அந்தச் சபையைப் பாருங்கள். 1640இல் தேர்ந்தெடுத்த சபை அது. 1648 டிசம்பரில் கர்னல் பிரைட் என்ற ராணுவ அதிகாரி வாசலில் நின்று, பிடிக்காத உறுப்பினர்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார். மிச்சம் இருந்தவர்கள்தான் 'மூலம் மக்களே' என்று தீர்மானம் போட்டவர்கள். சரி, போட்டது போகட்டும். அடுத்து மக்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. 1653 ஏப்ரல் 20ஆம் தேதி படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் படைவீரர்களோடு உள்ளே புகுந்து விரட்டும்வரை அவர்கள் நாற்காலியை விடவில்லை. அவர் விரட்டிய பிறகாவது தேர்தல் வந்ததா? இல்லை, நியமனச் சபை வந்தது, அதுவும் அந்த டிசம்பரைத் தாண்டவில்லை. பிறகு எழுத்து வடிவில் ஒரு அரசியல் சாசனம் எழுதி, கிராம்வெல்லைக் காப்பாளர் என்ற பதவியில் உட்கார வைத்தார்கள். அதன்படி தேர்தல் நடந்தது உண்மை. ஆனால் கிராமப் பகுதிகளில் இருநூறு பவுன் சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு. அப்படித் தேர்ந்தெடுத்து 1656இல் வந்தவர்களிலும் ஏறக்குறைய நூறு பேரை வாசலிலேயே தடுத்துத் திருப்பினார்கள். பிரைட் செய்த அதே வேலை, இந்த முறை சட்டப் புத்தகத்தோடு.

என்னுடைய கணக்கில் குடியரசு செத்தது இதனால்தான். ராஜாவை எடுத்தார்கள், அந்த இடத்தில் ஓட்டுப் பெட்டியை வைக்கவில்லை, துப்பாக்கியை வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு முறை ஆட்சி மாறவும் துப்பாக்கிதான் வேண்டியிருந்தது. வேறு வழியே அவர்கள் உண்டாக்கி வைக்கவில்லை.

இதை முன்கூட்டியே சொன்னவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். 1647இல் லண்டனுக்குப் பக்கத்தில் பட்னி என்ற ஊரில், தேவாலயத்துக்குள் உட்கார்ந்து, சாதாரணச் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் வாதாடினார்கள். கர்னல் ரெய்ன்ஸ்பரோ, நாட்டிலேயே ஏழையாக இருப்பவனுக்கும் பெரிய மனிதனைப் போலவே ஒரு வாழ்க்கை இருக்கிறது, தன் சம்மதம் இல்லாத அரசாங்கத்துக்கு அவன் கட்டுப்பட வேண்டியதில்லை என்றார். கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் அதை எதிர்த்தார். நிலம் நீச்சு இல்லாதவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் நிலத்தையே பங்கு கேட்பான் என்பது அவர் பயம். கடைசியில் ஜெயித்தது அயர்ட்டன் கட்சி. குடியரசு அறிவிப்பதற்கு இரண்டே நாள் முன்பு, 1649 மே 17இல், பர்ஃபோர்ட் தேவாலய வளாகத்தில் மூன்று சிப்பாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். பட்னியில் ஏழைக்கும் ஓட்டுக் கேட்டார்களே, அந்தச் சமத்துவக் கட்சிப் பக்கம் நின்று கலகம் செய்த படைவீரர்கள் அவர்கள்.

மக்கள் அலுத்துப்போனது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. வரி அதிகம், ராணுவச் செலவு அதிகம். நாடகக் கொட்டகைகளை 1642லேயே மூடிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகையை 1647இல் தடை செய்தார்கள். எங்கள் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் டிசம்பர் மாதம் ஸ்டார் கட்டக் கூடாது, குடில் வைக்கக் கூடாது என்று ஒரு கலெக்டர் உத்தரவு போட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கான்டர்பரியில் கலவரமே நடந்தது. போதாததற்கு 1655இல் நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ராணுவ மேஜர் ஜெனரல்கள் கையில் கொடுத்தார்கள். இதையெல்லாம் அனுபவித்த ஜனங்கள் 1660 மே 29இல் இரண்டாம் சார்லஸ் லண்டனுக்குள் வந்தபோது தெருவில் கூடி ஆரவாரம் செய்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 'மக்களே கூப்பிட்டார்கள்' என்பதற்கு முன்னால் ஒரு ஆள் இருக்கிறார். ஸ்காட்லாந்தில் இருந்த ஜெனரல் மங்க். 1660 ஜனவரி தொடக்கத்தில் கோல்ட்ஸ்ட்ரீமிலிருந்து படையோடு தெற்கே நடந்து வந்தவர். கிராம்வெல் 1658 செப்டம்பர் 3இல் இறந்து, அவர் மகன் ரிச்சர்ட் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் இறங்கி, தளபதிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, கட்டுக்குலையாத படை அவரிடம் இருந்தது. தேர்தல் அதற்குப் பிறகு வந்தது, ராஜா அதற்கும் பிறகு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. குடியரசு சுவடில்லாமல் போனதா?

திரும்பி வந்தவர்கள் அப்படிக் காட்டத்தான் பாடுபட்டார்கள். இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியது 1660. ஆனால் அந்த வருடச் சட்டங்களை எடுத்துப் பாருங்கள், 'இரண்டாம் சார்லஸின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு' என்று இருக்கும்! அப்பா தலை விழுந்த நாளிலிருந்தே மகன் ராஜா என்று கணக்கு. இடையில் போட்ட சட்டங்கள் எதற்கும் ராஜாவின் சம்மதம் இல்லை, ஆகவே எதுவும் சட்டம் இல்லை. நாங்கள் திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு 1122 என்று பார்த்தால் 1946, 47 என்று கூட்டிக் கழித்து எழுதிக்கொள்வோம். அங்கே கூட்டிக் கழித்தால் ஒரு குடியரசே காணாமல் போகும்.

ஆனால் வாழ்ந்த ஜனங்களை எப்படிக் காணாமல் செய்வது? 1653இல் குடியரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. கல்யாணம் இனி பாதிரியார் முன்னால் அல்ல, நீதிபதி முன்னால். ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் வரி கட்டுகிறவர்கள் சேர்ந்து ஒரு பதிவாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். (பதிவாளரை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கும் முறை தக்கலையில் இருந்திருந்தால் நான் நின்றிருப்பேன்.) அந்தச் சட்டம் செல்லாது என்றால் அதன்படி நடந்த கல்யாணங்கள்? அந்தப் பிள்ளைகளின் வாரிசுரிமை? அதேபோல் அந்தப் பதினொரு வருடம் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. யாருக்கு எந்த வயல், யார் யாருக்குக் கடன் என்று தீர்த்து வைத்தது அந்த நீதிபதிகள்தான். அவை எல்லாம் செல்லாது என்றால் நாடு முழுக்க மறுபடியும் வழக்குத்தான். ஆகவே ராஜா வந்த அதே 1660இல், நீதிமன்ற நடவடிக்கைகளை உறுதிப்படுத்தி ஒரு சட்டம், திருமணங்களை உறுதிப்படுத்தி ஒரு சட்டம் என்று போட வேண்டியதாயிற்று. நடக்கவே இல்லை என்று ஒரு கையால் எழுதிவிட்டு, நடந்ததெல்லாம் செல்லும் என்று மறு கையால் எழுதினார்கள். இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை.

நிலத்தில் வந்த சிக்கல் இன்னும் பெரிது. குடியரசிடம் சிப்பாய்களுக்குக் கொடுக்கச் சம்பளப் பணம் இல்லை. அரச நிலங்களை ஈடாகக் காட்டிக் கடன் சீட்டுக் கொடுத்தார்கள். பசித்த சிப்பாய் அதைக் கிடைத்த விலைக்கு விற்றான், அதிகாரிகள் வாங்கிச் சேர்த்து நிலம் பிடித்தார்கள். ராஜா திரும்பியதும் அரச நிலமும் திருச்சபை நிலமும் திரும்பிப் போயின. வாங்கியவன் பணம் போனது. ஆனால் உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்றதற்காக அபராதம் கட்ட வேண்டி, தங்கள் சொந்த நிலத்தைத் தாங்களே விற்ற குடும்பங்கள் இருந்தன. அந்த விற்பனை செல்லும் என்றார்கள், ஏனென்றால் விற்றவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதனால் 1660இல் ராஜா போட்ட மன்னிப்பு, மறதிச் சட்டத்தைப் பற்றி அவர் ஆட்களே கசப்பாகப் பேசிக்கொண்டார்களாம்: மன்னிப்பு ராஜாவின் எதிரிகளுக்கு, மறதி ராஜாவின் நண்பர்களுக்கு.

அயர்லாந்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் கிராம்வெல்லுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைப்பீர்கள். 1649 செப்டம்பரில் டிரோகெடாவில் அவர் படை நடத்திய படுகொலைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. பிறகு கத்தோலிக்கர்களின் நிலத்தைப் பறித்து, வில்லியம் பெட்டி என்பவரைக் கொண்டு சங்கிலி போட்டு அளந்து, சிப்பாய்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கு வைத்தார்கள். அளவை என்ற வகையில் அருமையான வேலை என்கிறார்கள். ஒரு சர்வே எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு துல்லியமாகப் பறிக்கலாம் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். ராஜா திரும்பிய பிறகும் அந்த நிலத்தில் பெரும்பகுதி பறிகொடுத்தவர்களுக்குத் திரும்பவில்லை. குடியரசின் நல்லதை அழிக்க அவ்வளவு அவசரப்பட்டவர்கள் இந்தச் சுவட்டை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றினார்கள்.

நீதிமன்ற மொழியையும் சொல்ல வேண்டும். லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் நடந்த வழக்குப் பதிவுகளை 1650இல் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 1660இல் பழையபடி லத்தீன். பிறகு 1733இல்தான் ஆங்கிலம் நிலைத்தது. எழுபது வருடத்துக்கு மேல் ஜனங்கள் தங்கள் வழக்கையே தாங்கள் வாசிக்க முடியாமல் இருந்தார்கள். மலையாளத்தில் எழுதிய பாட்டன் காலத்துப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதில் என்ன எழுதியிருக்கு, அண்ணாச்சி?' என்று என் மேசைக்கு வந்து நின்றவர்களைப் பார்த்தவன் நான். அதனால் இந்த ஒரு சட்டத்துக்காகவே அந்தக் குடியரசுக்கு என்னிடம் மரியாதை உண்டு.

இனி நம் ஊர். கல்குளம் தாலுகா அன்பர் எழுதியிருந்தார், திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் ஒழுங்கு இருந்தது, இன்று இல்லை என்று. சாயாக்கடையில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. 1936இல் ஆலயப் பிரவேசம் அறிவித்தது ராஜாதான், பெருமைதான். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட்டதற்காக அவர்களை அடித்ததும், அய்யா வைகுண்டரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்ததும் ராஜா காலம்தான். ஒழுங்கு யாருக்கு இருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான் சொல்ல வருவது வேறு. 1947 ஜூனில் மகாராஜாவின் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். ஜூலை 25இல் அவரை வெட்டினார்கள், உயிர் தப்பினார், சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். இங்கே யாரும் ராஜா தலையைக் கேட்கவில்லை. 1948 பிப்ரவரியில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வைத்துத் தேர்தல் நடந்தது. சொத்து இருக்கிறதா, ஆணா, பெண்ணா என்று கேட்கவில்லை. எங்கள் பாட்டா அதில்தான் முதல் ஓட்டுப் போட்டார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத பனையேறி அவர். பட்னியில் ரெய்ன்ஸ்பரோ கேட்டது அவருக்குக் கிடைத்தது. மகாராஜா அதன் பிறகும் இருந்தார், 1949இலிருந்து 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியின் ராஜப்பிரமுகர் என்ற, ஆளுநர் போன்ற பதவியில். மன்னர் மானியம் 1971இல்தான் நின்றது. இங்கிலாந்தில் ராஜா முதலில் போனார், ஓட்டு வரவேயில்லை. இங்கே ஓட்டு முதலில் வந்தது, ராஜா மெதுவாகப் போனார். அதனால்தான் அவரை யாரும் திரும்பக் கூட்டிவர வேண்டி வரவில்லை.

ஓட்டு வந்ததும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் எங்கள் ஆட்களைச் சுட்டது ஓட்டில் வந்த அரசாங்கம்தான். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டதற்குக் கிடைத்தது அது. ஆனால் அடுத்த ஆண்டே அந்த அமைச்சரவை சட்டசபையில் ஆதரவு இழந்து வெளியே போனது. 1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்தன. ஒரு ஜெனரல் படையோடு நடந்து வர வேண்டியிருக்கவில்லை. 1650களின் இங்கிலாந்துக்காரன் இதைக் கேட்டால் நம்பியிருக்க மாட்டான்.

பழைய சின்னங்களை என்ன செய்வது என்பதிலும் அவர்கள் அவசரக்காரர்கள். கிரீடத்தை உருக்கினார்கள், ரத்தினங்களை விற்றார்கள். ஓவியங்களைக் கடன்காரர்களுக்குக் கொடுத்தார்கள், அரண்மனைக்குக் குழாய் வேலை பார்த்தவர்கூடச் சம்பளப் பாக்கிக்கு ஓவியங்களை வாங்கிப் போனார். முடிசூட்டு விழாவில் எண்ணெய் பூசும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கரண்டி ஒன்றை, அரண்மனைத் தளவாடங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கின்னர்ஸ்லி என்பவர் பதினாறு ஷில்லிங்குக்கு வாங்கி வீட்டில் வைத்திருந்து, ராஜா வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்றும் முடிசூட்டு விழாவில் அதே கரண்டிதான். இதற்கு நடுவில் கிராம்வெல் 1657இல் கிரீடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதமே ஊதா அங்கியும் செங்கோலுமாக, அரசர்கள் முடிசூடும் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அதில் உட்கார்ந்தார்! எங்கள் பத்மநாபபுரத்தில் நவராத்திரிக்கு வருடா வருடம் மன்னரின் உடைவாளை உப்பரிகை மாளிகையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், ஓட்டில் வந்த அமைச்சர்கள் நின்று மரியாதை செய்கிறார்கள், போலீஸ் அணிவகுப்பு, யானை, வேளிமலை முருகன், எல்லாம் உண்டு. நானும் போய்ப் பார்ப்பேன். அந்த வாளைக் கண்டு எந்த அரசாங்கமும் பயப்பட வேண்டியதில்லை. அதனால்தான் அதை உருக்கவும் வேண்டியிருக்கவில்லை.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். இதைத் தொடராக எழுதுவதாகப் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் 1649 முதல் 1660 வரைக்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்கச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் கல்யாண ஊர்வலப் படங்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, படங்களைப் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன்: 'மரண தண்டனை பெற்ற முதலாம் சார்லஸ்' என்று நீங்கள் அச்சிட்டிருக்கும் படத்தில் இருப்பவர் அவர் மகன். தகப்பனுக்குக் கூர்தாடி உண்டு. இவருக்கு அது இல்லை, தோளில் புரளும் கறுப்பு முடிதான் இருக்கிறது. அடுத்த வாரம் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.